ஈரல் புற்று மருந்து கேட்குமா? எல்லையோர லேப்களில் கிடைக்கும் ரத்தப் பரிசோதனைகளில் எது காசுக்குத் தகும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கோரத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் இரண்டு பக்கமும் வழி உண்டு. கிழக்கே கோவை, மேற்கே திருச்சூரும் எர்ணாகுளமும். வீட்டில் ஒருவருக்குக் கல்லீரல் புற்றுநோய், ஆபரேஷனுக்கு இடமில்லை, இனி மருந்துதான் என்று டாக்டர் சொல்லிவிட்டால் அடுத்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இந்த மருந்து இவருக்குக் கேட்குமா? அதற்கு விடை ரத்தத்திலேயே இருக்கிறது என்று சொல்லி லேப்களும் கலெக்‌ஷன் சென்டர்களும் தரும் பரிசோதனைகள் பல. ஏஎஃப்பி, பிவ்கா-2, சிஆர்பி, கல்லீரல் பேனல், ‘லிக்விட் பயாப்ஸி’ என்று சீட்டு நீளும். அவற்றை ஒவ்வொன்றாக எடைபோடுகிறது இந்த விமர்சனம்.

நோய் எப்படிப் போகும் என்று சொல்வது வேறு. இந்த மருந்து கேட்கும், அந்த மருந்து கேட்காது என்று பிரித்துச் சொல்வது வேறு. லேப் விளம்பரங்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். மருந்து தொடங்கும் முன் ஒரே ஒரு குழாய் ரத்தம் எடுத்து, எந்த மருந்து என்று தேர்ந்து கொடுக்கும் பரிசோதனை கல்லீரல் புற்றில் ஒரே ஒரு மருந்துக்குத்தான் இருக்கிறது. மற்றவை நோயின் வேகத்தையும் ஈரலின் தெம்பையும் சொல்பவை, அல்லது மருந்து தொடங்கிய முதல் ஆறு வாரத்தில் அது கேட்கிறதா என்று காட்டுபவை. இந்த ஆறு வாரக் கணக்குதான் காசுக்கு முழுதும் தகும். அதற்குப் பெரிய பேனல் எதுவும் வேண்டாம். சில நூறு ரூபாய் டெஸ்ட் போதும், ஆனால் அதே லேப், அதே மெஷின், அதே யூனிட், சரியான நாள் என்ற நான்கும் பிசகக்கூடாது. எல்லையோரக் குடும்பங்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

ஏஎஃப்பி: முதலில் வாங்க வேண்டியது

ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்பதன் சுருக்கம், கல்லீரல் கட்டி பல நேரம் ரத்தத்தில் விடும் ஒரு புரதம். பெரியவர்களுக்கு நானோகிராம் கணக்கில் ஒரு மில்லிக்குப் பெரும்பாலும் 10க்குக் கீழ் இருக்கும். கல்லீரல் புற்றில் ஆயிரக்கணக்கில் ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கட்டி இருந்தும் ஏஎஃப்பி சாதாரணமாகவே இருக்கும். அவர்களுக்கு மாதாமாதம் இதை எடுப்பது வீண் செலவு. தொடக்க அளவு 20க்குக் கீழே இருந்தால் இதை மருந்துக் கண்காணிப்புக்கு நம்பவேண்டாம், ஸ்கேனைத்தான் பார்க்கவேண்டும்.

மேலே சொன்ன அந்த ஒரே மருந்து ராமுசிருமாப். அதன் கதையைத் தெரிந்துகொண்டால் மற்ற டெஸ்ட்களை எடைபோட ஒரு அளவுகோல் கிடைக்கும். 2015இல் வெளிவந்த ரீச் ஆய்வில், சோராஃபெனிப் என்ற புற்று மாத்திரை சாப்பிட்ட பிறகும் நோய் கூடியவர்கள் எல்லோருக்கும் பாகுபாடில்லாமல் இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தக் கணக்கில் ஆயுள் கூடியதாக நிரூபிக்க முடியவில்லை. ஆனால் ஏஎஃப்பி 400 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. அதோடு விட்டிருந்தால் அது வெறும் ஊகம். 400க்கு மேல் இருப்பவர்களை மட்டும் சேர்த்து ரீச்-2 என்று இன்னொரு ஆய்வு நடத்தினார்கள். 2019இல் முடிவு வந்தது. இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், மருந்தில்லாதவர்களுக்கு 7.3 மாதம், மருந்து எடுத்தவர்களுக்கு 8.5 மாதம். கூடுதல் சிறியதுதான், ஆனால் சந்தேகமில்லாதது. அமெரிக்க அனுமதியும் அந்த 400 என்ற கோட்டோடுதான் வந்தது. ஒரு ரத்த அளவு மருந்தைத் தீர்மானிக்கிறது என்று சொல்ல இப்படி இரண்டாவது தடவையும் தனியாக நிரூபிக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டிய வேறு ரத்த அளவு கல்லீரல் புற்றில் இல்லை. அந்த ஆய்வுகள் சோராஃபெனிப்புக்குப் பிறகு செய்தவை என்பதையும் மறக்கக்கூடாது. இப்போது பலருக்கும் முதலில் போடும் மருந்து வேறு.

அந்த முதல் மருந்து, வசதி இருப்பவர்களுக்கு, அட்டீசோலிசுமாப் 1,200 மில்லிகிராமும் பெவாசிசுமாப் கிலோவுக்கு 15 மில்லிகிராமுமாக மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றும் டிரிப். ஐம்ப்ரேவ்150 ஆய்வில் சோராஃபெனிப்போடு ஒப்பிட்டு 2020இல் ஜெயித்தது. நீண்ட நாள் கணக்கில் இடைநிலை ஆயுள் இந்த டிரிப்பில் 19.2 மாதம், சோராஃபெனிப்பில் 13.4 மாதம். கட்டி நன்றாகச் சுருங்கியது பத்தில் மூன்று பேருக்கு. மீதி ஏழு பேர் யார் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு காசும் உடம்பும் மிச்சமாகும்! அதனால்தான் இந்த டெஸ்ட்களுக்கு இவ்வளவு கிராக்கி.

இங்கே ஏஎஃப்பி உதவுவது ஆறாவது வாரத்தில். தொடக்கத்தில் 20க்கு மேல் இருந்தவர்களிடம், ஆறு வாரத்தில் 75 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் கட்டி சுருங்கும் வாய்ப்பு அதிகம். 10 சதவீதத்துக்கு மேல் கூடாமல் இருந்தாலே நோய் கட்டுக்குள் இருக்கும் வாய்ப்பு அதிகம். 2022இல் வெளிவந்த ஆய்வுக் கணக்கு இது. ஓர் உதாரணம்: முதல் டிரிப்புக்கு முந்தின நாள் 860, மூன்றாம் வாரம் 540, ஆறாம் வாரம் 190 என்றால், 670 குறைந்திருக்கிறது, அதாவது 78 சதவீதம். நல்ல செய்தி. அதுவே 860 ஆறாம் வாரத்தில் 930 என்றால் 8 சதவீதம்தான் ஏற்றம். பதறவேண்டியதில்லை, ஸ்கேனுக்குக் காத்திருக்கலாம். 1,400 என்றால் ஸ்கேனை முன்னுக்குத் தள்ளக் கேட்கலாம். சோராஃபெனிப், லென்வாட்டினிப் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நான்காவது, எட்டாவது வாரங்களில் பார்ப்பது வழக்கம். சோராஃபெனிப்பில் 20 சதவீத இறக்கத்தையே பல ஆய்வுகள் நல்ல அடையாளமாக எடுத்திருக்கின்றன.

மாத்திரைக்காரர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய இருப்பதற்குக் காரணம் உண்டு. காப்புரிமைக்காரரின் சம்மதமில்லாமலே இன்னொரு கம்பெனி மருந்தைச் செய்து விற்க அரசு தரும் அனுமதிக்குக் கட்டாய உரிமம் என்று பெயர். 2012 மார்ச்சில் இந்தியா கொடுத்த முதல் கட்டாய உரிமம் சோராஃபெனிப்புக்குத்தான். மாதம் 2,80,000 ரூபாயைத் தாண்டியிருந்த மருந்து அந்த உரிமத்தில் 8,800 ரூபாய்க்கு இறங்கியது. அந்த உரிமத்தால் உயிர் பெற்ற குடும்பங்களுக்கு ஏஎஃப்பி மாதிரி மலிவான டெஸ்ட்தான் பொருத்தமான துணை.

இனி ஏஎஃப்பியில் என்னென்ன கெடும் என்று பார்ப்போம். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கவேண்டும், ஏனென்றால் டெஸ்ட் நல்லது, ரிப்போர்ட்தான் ஏமாற்றும்.

ரிப்போர்ட்டில் ‘1,000க்கு மேல்’, ‘1,210க்கு மேல்’, ‘2,000க்கு மேல்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது தொடக்க அளவாகப் பயன்படாது. மெஷின் நேரடியாக அளக்கும் உச்சவரம்பு அவ்வளவுதான். மேலே இருப்பதை அறிய ரத்தநீரை நீர்த்துப்போகச் செய்து மறுபடி ஓட்டவேண்டும். தொடக்கத்தில் 18,000 இருந்து ஆறு வாரத்தில் 3,000க்கு இறங்கினாலும், ‘1,210க்கு மேல், 1,210க்கு மேல்’ என்றே இரண்டு ரிப்போர்ட்டும் வரும். மருந்து நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்கவில்லை என்று குடும்பம் மனமுடைந்து போகும். கொடுக்கும்போதே ‘டைல்யூட் பண்ணி முழு அளவு வேண்டும்’ என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். லட்சக்கணக்கில் ஏறியவர்களிடம் இன்னொரு கோளாறும் உண்டு. அளவு மிதமிஞ்சினால் சோதனைக் கெமிக்கல் திணறி, உண்மையைவிட மிகக் குறைவான எண்ணைக் காட்டும். பெரிய கட்டி, ஆனால் ஏஎஃப்பி கொஞ்சம்தான் என்றால் அப்போதும் டைல்யூட் பண்ணிப் பார்க்கச் சொல்லவேண்டும்.

யூனிட் அடுத்தது. நானோகிராம்/மில்லியும் மைக்ரோகிராம்/லிட்டரும் ஒரே எண்தான். ஐயூ/மில்லி (சர்வதேச அலகு) வேறு. ஒரு ஐயூ ஏறக்குறைய 1.21 நானோகிராம். ராமுசிருமாப்புக்கான 400 நானோகிராம் என்பது ஐயூவில் 330 சுமார். ஒரு லேப் ஐயூவிலும் இன்னொன்று நானோகிராமிலும் தந்தால், எதுவும் மாறாமலே 21 சதவீதம் ஏறினதுபோல் தெரியும். சோராஃபெனிப்பில் 20 சதவீத மாற்றத்துக்கே அர்த்தம் சொல்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

யூனிட் ஒன்றாகவே இருந்தாலும் மெஷின் வேறானால் எண் வேறுபடும். ஒவ்வொரு கம்பெனியின் மெஷினும் ஏஎஃப்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடி வேறு. முதல் டிரிப் கோவையில், அங்கேயே ரத்தம். இரண்டாவது தடவை ஊரிலேயே கொடுத்துவிடலாமென்று பக்கத்துக் கலெக்‌ஷன் சென்டர், அந்தச் சாம்பிள் எர்ணாகுளம் போகும். மூன்றாவதுக்கு இன்னொரு இடம். மூன்று எண்ணையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி ஏறுகிறது, இறங்குகிறது என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. லேப் மாற்றியே ஆகவேண்டுமென்றால் ஒரே நாளில் இரண்டு லேபுக்கும் ரத்தம் கொடுத்து, இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு, அதிலிருந்து புதுக் கணக்கைத் தொடங்குவதே முறை. ஒரு தடவை கூடுதல் செலவு, அவ்வளவே.

முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையைப் பலரும் மருந்து என்றே எண்ணுவதில்லை. 5, 10 மில்லிகிராம் மாத்திரைகள் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கிடைக்கின்றன. சில மெஷின்கள் பயோட்டினையே பசையாக வைத்து அளப்பவை. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் ஏஎஃப்பி குறைத்துக் காட்டும், தைராய்டு டெஸ்டான டிஎஸ்எச்சையும் குறைத்துக் காட்டும். புதிய கெமிக்கல்கள் இதைத் தாங்குகின்றன, ஆனால் எந்த லேபில் எது ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்திவிடுவது பத்திரம்.

பி வகை மஞ்சள்காமாலை வைரஸ் திடீரென்று கிளம்பினாலும் ஏஎஃப்பி ஏறும், கூடவே ஈரல் செல் கெட்டால் ஏறும் எஸ்ஜிபிடி நூற்றுக்கணக்கில் ஏறியிருக்கும். எஸ்ஜிபிடி பார்க்காமல் ஏஎஃப்பி மட்டும் எடுப்பது அரைகுறை வேலை. மருந்து தொடங்கும் முன் இந்த வைரஸுக்கான எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிசி டெஸ்ட்களைப் பார்த்து, தேவைப்பட்டால் அதை அடக்கும் டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர் மாத்திரை தொடங்கியிருக்க வேண்டும்.

சிஆர்பி: மலிவு, ஆனால் தசமப் புள்ளியில் ஏமாறுவோம்

உடம்பில் அழற்சியோ கிருமியோ இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம் சிஆர்பி. 2022இல் ஐரோப்பிய டாக்டர்கள் கிராஃபிட்டி என்று ஒரு எளிய மதிப்பெண் சொன்னார்கள். இம்யூனோதெரபி (அட்டீசோலிசுமாப் போல உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டியின் மேல் ஏவும் சிகிச்சை) தொடங்கும் முன் சிஆர்பி டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமோ மேலோ இருந்தால் ஒரு புள்ளி, ஏஎஃப்பி 100ஓ மேலோ இருந்தால் இன்னொரு புள்ளி. சுழியம் வாங்கியவர்களின் இடைநிலை ஆயுள் 27.6 மாதம், ஒன்று என்றால் 11.3, இரண்டு என்றால் 6.4. இரண்டு மலிவான டெஸ்ட்டில் இவ்வளவு தெரிவது பெரிய விஷயம்தான். ஆனால் சோராஃபெனிப் சாப்பிட்டவர்களிடமும் இதே மதிப்பெண் ஆயுளைப் பிரித்துக் காட்டியது. அதாவது நோயின் மூர்க்கத்தை அளக்கிறது, மருந்தைத் தேர்ந்து கொடுக்கவில்லை. இரண்டு புள்ளி வந்தது என்பதற்காக இம்யூனோதெரபியை மறுக்கக்கூடாது.

பெரும்பாலான லேப்கள் சிஆர்பியை லிட்டர் கணக்கில் தருகின்றன. லிட்டருக்கு 8.4 மில்லிகிராம் என்றால் டெசிலிட்டருக்கு 0.84, புள்ளி இல்லை. இதை 8.4 என்றே எடுத்துக்கொண்டால் ஒரு புள்ளி விழுந்து, 27 மாதக் கட்டத்தில் இருப்பவர் 11 மாதக் கட்டத்துக்குத் தள்ளப்படுவார். வீட்டில் இணையத்தைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் இந்தத் தசமப் புள்ளியை இரண்டு தடவை பாருங்கள்.

சளி, பல்வீக்கம், மூத்திரத் தாரை எரிச்சல், வயிற்றுநீரில் கிருமி எல்லாம் சிஆர்பியைத் தூக்கும். காய்ச்சல் விட்டு ஒரு வாரமாவது கழித்து எடுக்கவேண்டும். எம்போலைசேஷன் (கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை) செய்த மறுநாள் எடுத்த சிஆர்பிக்கு மதிப்பே இல்லை. இன்னொன்று: சிஆர்பியைச் செய்வதே ஈரல்தான். ஈரல் மிகவும் ஓய்ந்துபோனவருக்கு சிஆர்பி குறைவாக வந்தால் அதை நல்ல சேதியாக எடுக்கமுடியாது.

ஆல்பி: தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

சில பேக்கேஜ்களில் ‘ஆல்பி ஸ்கோர்’ தனி வரியாக, தனி விலையோடு இருக்கும். அது ஒரு கணக்கு மட்டுமே. எல்எஃப்டி என்ற சாதாரணக் கல்லீரல் பேனல் ரிப்போர்ட்டில் இருக்கும் பிலிருபினும் ஆல்புமினும் போதும். பிலிருபினை 17.1ஆல் பெருக்கி, அதன் பத்தடி மடக்கையை (கால்குலேட்டரில் log) 0.66ஆல் பெருக்குங்கள். ஆல்புமினைப் பத்தால் பெருக்கி, அதை 0.085ஆல் பெருக்கி, முன்னதிலிருந்து கழியுங்கள். பிலிருபின் 1.2, ஆல்புமின் 3.4 என்று வைத்துக்கொள்வோம். 1.2 என்பது 20.5 ஆகும், மடக்கை 1.31, பெருக்கினால் 0.87. ஆல்புமின் பக்கம் 34 பெருக்கல் 0.085, அதாவது 2.89. கழித்தால் மைனஸ் 2.02. மைனஸ் 2.60 அல்லது அதற்குக் கீழ் முதல் தரம், அங்கிருந்து மைனஸ் 1.39 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். இரண்டாம் தரத்தையே மைனஸ் 2.27இல் இரண்டாகப் பிரிப்பதும் உண்டு. நம் உதாரணக்காரர் இரண்டாம் தரத்தின் மோசமான பாதியில் இருக்கிறார்.

இது சொல்வது ஈரலுக்கு எவ்வளவு தெம்பு மிச்சம் என்பதை. மருந்து கட்டியைப் பிடித்தாலும் ஈரல் தாங்காவிட்டால் பலனில்லை. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இதைப் போட்டுப் பார்ப்பது மிகவும் தேவை. ஏஎஃப்பி இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஆல்பி சரிந்துகொண்டு போனால், அடுத்த மருந்துக்கு மாறும் வாய்ப்பு கையைவிட்டுப் போகிறது என்று பொருள். இதை டாக்டரிடம் சொல்லவே வேண்டும்.

இதிலும் லேப் மாற்றும் தொல்லை உண்டு. ஆல்புமினை அளக்கும் சாயத்தில் பச்சை, ஊதா என்று இரண்டு. பச்சைச் சாயம் மற்றப் புரதங்களோடும் ஒட்டுவதால், ஆல்புமின் குறைந்தவர்களுக்குக் கூட்டிக் காட்டும். 0.3 கிராம் வித்தியாசம் வந்தாலே ஆல்பியில் கால் புள்ளி போய்விடும், தரமே மாறிவிடலாம். வயிற்றுநீர் எடுத்துவிட்டு ஆல்புமின் பாட்டில் ஏற்றிய வாரத்தில் எடுத்த அளவையும் கணக்கில் சேர்க்கவேண்டாம். அது கடையில் வாங்கிய ஆல்புமின், ஈரல் செய்ததல்ல.

பிவ்கா-2

ஏஎஃப்பி ஏறாதவர்களுக்கு இது நல்ல மாற்று. மில்லி ஏயூ கணக்கில் மில்லிக்கு 40 என்பது வழக்கமான கோடு. விலை ஏஎஃப்பியைவிடப் பல மடங்கு. எல்லா இடத்திலும் ஓட்டுவதில்லை. சாம்பிள் தூரம் போகும், ரிப்போர்ட் தாமதமாகும். தொடக்கத்தில் ஏஎஃப்பியும் பிவ்காவும் ஒருமுறை சேர்த்து எடுத்து, எது ஏறியிருக்கிறதோ அதை மட்டும் பின்தொடர்வதுதான் சிக்கனம். இரண்டும் சாதாரணமாக இருந்தால் இரண்டையும் விட்டுவிடலாம்.

ஆனால் இதில் மிகப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. வைட்டமின் கே இல்லாமல் ஈரல் முழுமையாகச் செய்துமுடிக்காத புரோத்ராம்பின்தான் பிவ்கா. இருதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க அசெனோகூமரால் அல்லது வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குப் புற்று இல்லாமலே இது ஆயிரக்கணக்கில் ஏறும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவில் உருவான வால்வைப் பொருத்திக்கொண்டவர்கள் எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த டெஸ்ட்டை எடுக்கவே கூடாது. பித்தக்குழாய் அடைத்து மஞ்சளானவர்கள், வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்கள், குடியினால் சாப்பாடு குறைந்து மெலிந்தவர்கள் இவர்களுக்கும் ஏறும். சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளம் முழுக்கக் கள்ளு போகிறது. இந்த மண்ணில் ஈரல் நோய்க்கும் குடிக்கும் உள்ள உறவை மறைத்துப் பயனில்லை. சந்தேகம் இருந்தால் டாக்டர் வைட்டமின் கே ஊசி போட்டுச் சில நாள் கழித்து மறுபடி பார்ப்பார். குறைபாட்டால் ஏறியது இறங்கும், கட்டியால் ஏறியது இறங்காது.

லென்வாட்டினிப், சோராஃபெனிப் போன்ற ரத்தக்குழாயை நெரிக்கும் மருந்துகள் தொடங்கிய முதல் வாரங்களில், கட்டி வளராமலே பிவ்கா ஏறுவதுண்டு. கட்டிக்கு ஆக்ஸிஜன் குறைவதன் விளைவு அது. பிவ்கா ஏறியது என்று மாத்திரையைத் தானாக நிறுத்தியவர்கள் நல்ல மருந்தைக் கைவிட்டவர்களாக ஆகலாம்.

ஏஎஃப்பி-எல்3, கேலட் ஸ்கோர் இவையெல்லாம் நோயைக் கண்டுபிடிப்பதற்கு. மருந்து கேட்குமா என்பதற்கு வாங்கவேண்டாம்.

நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட்

இவை இரண்டும் வெள்ளை அணு வகைகள். சிபிசி என்ற ரத்த அணு எண்ணிக்கை டெஸ்ட்டில் இருக்கும் முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் போதும். 5க்கு மேல் இருந்தால் இம்யூனோதெரபியில் நிலைமை கடினம் என்பது பொதுக்கணக்கு, சிலர் 3 என்றும் கோடு போடுகிறார்கள். கோடே ஒன்றாக இல்லாத அளவுக்கு அதிக மதிப்புத் தரவேண்டாம். வாந்திக்குப் போட்ட டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி ஒன்றே இந்த விகிதத்தைத் தூக்கிவிடும்.

லிக்விட் பயாப்ஸி, ஜீன் பேனல்

பத்தாயிரக்கணக்கில் விலை. ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவில் டெர்ட், டிபி53, சிடிஎன்என்பி1 என்ற ஜீன்களின் மாற்றங்களைப் பட்டியலிட்டுப் பல பக்க ரிப்போர்ட் வரும். சிடிஎன்என்பி1 மாற்றம் இருந்தால் இம்யூனோதெரபி கேட்காது என்று சில ஆண்டுகள் முன்பு நம்பினார்கள், பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஒருமனதாக ஆமோதிக்கவில்லை. இந்தப் பட்டியலை வைத்து மருந்து மாறும் நிலை பெரும்பாலான கல்லீரல் புற்று நோயாளிகளுக்கு இல்லை. அந்தப் பணம் பெவாசிசுமாப்பின் ஒரு டோஸுக்கோ, எண்டோஸ்கோப்பிக்கோ, நல்ல ஸ்கேனுக்கோ போகட்டும். ஆய்வில் சேர்க்கிறோம், இலவசம் என்றால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். நாளைய விடைகள் அங்கிருந்துதான் வரும். அட்டீசோலிசுமாப்புக்கு எதிராக உடம்பில் உருவாகும் ஆன்டிபாடியைப் பற்றிய ஆய்வு நம்பிக்கை தருகிறது, ஆனால் அதை அளக்கும் டெஸ்ட் கலெக்‌ஷன் சென்டரில் கிடைக்கும் சரக்கு அல்ல.

‘புற்று மருந்து ரெடி பேக்கேஜ்’ என்பதுபோல் விற்பவர்கள் எண்டோஸ்கோப்பியைச் சொல்வதில்லை. பெவாசிசுமாப் போடும் முன், உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய் இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்குள் பார்த்திருக்க வேண்டும். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. எந்த ரத்த டெஸ்ட்டும் அதற்கு ஈடாகாது. மூத்திரத்தில் புரதமும் டிஎஸ்எச்சும் அப்படியே. மருந்து கேட்குமா என்று இவை சொல்லாது, மருந்தைத் தொடரலாமா என்று சொல்லும்.

கலெக்‌ஷன் சென்டர் சேவை எப்படி

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பது முதியவர்களுக்குப் பெரிய வரம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் அலையாமல் காலை ஏழுக்குள் வேலை முடியும். இந்தச் சேவைக்காகவே இவற்றைப் பாராட்டவேண்டும். குறை, எடுத்த பிறகு நடப்பதில். மஞ்சள் மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் அரைமணி உறைந்து, இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரிக்கப்பட வேண்டும். பிரிக்காமலே மதியம் வரை பைக் பெட்டியில் போனால் செல்கள் உடைந்து எஸ்ஜிஓடியும் பொட்டாசியமும் ஏறிக் காட்டும். பங்குனி, சித்திரை வெயிலில் வாளையார் கணவாய்க் காற்றே அனலாக வரும்போது ஐஸ் பேக் இல்லாத பெட்டி ஆகவே ஆகாது. வெளிச்சம் பட்டால் பிலிருபின் குறையும், அதனால் ஆல்பி உண்மையைவிட நன்றாகத் தெரியும். ஏஎஃப்பி இவற்றில் கெட்டிக்காரன், பிரித்த ரத்தநீர் ஃப்ரிட்ஜில் இருந்தால் சில நாள் தாங்கும். சிபிசி ஊதா மூடிக் குழாய் அன்றைக்கே ஓடிவிட வேண்டும்.

கவுண்டரில் கேட்கவேண்டியவை அதிகமில்லை. இந்தச் சாம்பிள் எங்கே ஓடும்? எந்த மெஷின்? போன தடவையும் அதேதானா? இங்கேயே சுழற்றுவீர்களா? பதில் சொல்லத் தெரிந்த சென்டரை விட்டுவிடாதீர்கள். ரிப்போர்ட்டின் அடியில் சிறிய எழுத்தில் முறையின் பெயரும், லேபின் தரத்துக்கான என்ஏபிஎல் முத்திரை இருந்தால் அதுவும், சாம்பிள் எடுத்த நேரமும் லேபுக்கு வந்த நேரமும் போட்டிருக்கும். அந்த இரண்டு நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்தாலே சேவையின் தரம் தெரிந்துவிடும்.

சிகிச்சைச் செலவுக்குக் கேரளத்தின் காருண்யா திட்டமா, தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமா என்பது எந்த மாநில ரேஷன் கார்டு என்பதை ஒட்டியது. வெளியில் கொடுக்கும் ரத்த டெஸ்ட்டுக்குப் பொதுவாகக் கையிலிருந்துதான் காசு. ஆகையால் டிரிப் ஏற்றும் ஆஸ்பத்திரி லேபிலேயே, டிரிப் அன்று காலை ஊசி குத்தும்போதே ஏஎஃப்பி, எல்எஃப்டி, சிபிசி, சிஆர்பி நான்கையும் எடுத்துவிடுவது இருப்பதில் நல்ல ஏற்பாடு. அலைச்சல் மிச்சம், மெஷினும் மாறாது, நாளும் சுற்றோடு ஒத்துப்போகும். ஊர்ப்பக்க சென்டரை இடையில் காய்ச்சல், மஞ்சள் வந்தால் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

கையில் ஒரு தாள் போதும். தேதி, எத்தனையாவது சுற்று, லேப் பெயர், ஏஎஃப்பி யூனிட்டோடு, பிலிருபின், ஆல்புமின், எஸ்ஜிபிடி, சிஆர்பி யூனிட்டோடு, அந்த வாரம் காய்ச்சலோ ஊசியோ இருந்ததா என்ற குறிப்பு. கோவை டாக்டரானாலும் எர்ணாகுளம் டாக்டரானாலும் தடித்த ஃபைலைப் புரட்டுவதைவிட இந்தத் தாளை ஒரு நிமிடத்தில் படித்துவிடுவார்.

ரத்தமும் ஸ்கேனும் முரண்பட்டால் ஸ்கேன் பேச்சுத்தான் எடுபடும், ஆனால் ரத்தத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. ஏஎஃப்பி நன்றாக இறங்கி, முதல் ஸ்கேனில் கட்டி சற்றே பெரிதாகத் தெரிந்தால், நோயாளி தெம்பாக இருக்கும் பட்சத்தில் இன்னொரு சுற்று பார்த்துவிட்டு ஸ்கேனைத் திரும்ப எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி. ஸ்கேன் அமைதியாக இருந்து ஏஎஃப்பி மட்டும் ஏறினால், முதலில் அதே லேபில், எஸ்ஜிபிடியோடு சேர்த்து, மூன்று வாரம் கழித்து மறுபடி. அப்போதும் ஏறினால் ஈரலை மட்டும் எடுத்த ஸ்கேனில் கண்ணுக்குப் படாத இடம் பாக்கி இருக்கலாம். நெஞ்சையும் எலும்பையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.